கண்ணால் பார்த்த டிகிரி

நண்பன் ஒருவன் கேட்ட கேள்வி மூன்று வாரமாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. டர்போ கார் ஒன்று வாங்கியிருக்கிறான், இன்ஜினை ட்யூன் செய்யவேண்டும் என்று ஆசை. "டேய், நீ இதுல ரொம்ப நாளா இருக்க. எந்த டூல் வாங்கலாம்? ஒரே ஒரு பேர் சொல்லு, போதும்" என்றான். சொல்லியிருக்கலாம்தான். எச்.பி. ட்யூனர்ஸ், கோப் ஆக்சஸ்போர்ட், ஈ.சி.யு.டெக் என்று காருக்குக் கார் ஒரு பெயர் இருக்கிறது, கம்பெனி ஈ.சி.யு.வே (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) வேண்டாம் என்றால் லிங்க், ஹால்டெக், மோட்டெக், கையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ. ஆனால் வாய் வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு.

ட்யூனிங் டூல் என்று சொன்னவுடன் எல்லோர் மனதிலும் வருவது லேப்டாப்பும் ஒரு கேபிளும்தான். அதாவது எண்களை மாற்றும் கருவி. இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் கருவிகளை யாரும் முதலில் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருடம் ஓட்டினேன், அதில் ஒரு நாள் மதியம் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

என் காரில் இருப்பது இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின், போரும் ஸ்ட்ரோக்கும் 86 மில்லிமீட்டர். டர்போவைப் பெரிதாக்கி, இன்ஜெக்டரைப் பெரிதாக்கி, அதற்குமேல் பழைய ஈ.சி.யு.வால் சமாளிக்க முடியாது என்றானதும் தனி ஈ.சி.யு. ஒன்றை மாட்டினேன். அதனுடன் வந்த அடிப்படை மேப்பை, அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் எண் டேபிள்களை, ஏற்றினேன், இன்ஜின் ஸ்டார்ட் ஆனது, ஐடிலில் நின்றது. ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதாலேயே எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது, மட்டும் இடித்தது. நாக்கிங் என்பார்கள், மிக்ஸர் ஒழுங்காக எரியாமல் சிலிண்டருக்குள் வெடிப்பது. இதே மாதிரி இன்ஜினில் மற்றவர்கள் தாராளமாக ஓட்டும் இக்னிஷன் அட்வான்ஸில் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பே ஸ்பார்க் என்ற கணக்கு) என் இன்ஜின் இடித்தது. சரி, என் பெட்ரோல் சரியில்லை, என் இன்டர்கூலர் சின்னது, வெயில் அதிகம் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு டேபிளில் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று குறைத்துக்கொண்டே போனேன். இடிப்பது நின்றது. ஓடும்போது ஈ.சி.யு. பதிவு செய்யும் லாக்கைத் திறந்தால் எல்லாக் கோடுகளும் அழகாக இருக்கும். ஆனாலும் ஒரு உறுத்தல் போகவே இல்லை. என் எண்கள் ஏன் யாருடைய எண்களோடும் ஒத்துப்போகவில்லை?

லேம்டா என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது

அந்த மதியத்துக்குப் போகும் முன் வைட்பேண்ட் சென்சாரைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் முதல் அடி அங்கேதான் விழுந்தது. எக்ஸாஸ்டில் உட்கார்ந்து அது அளப்பது லேம்டாவை: பெட்ரோல் முழுசாக எரியத் தேவையான காற்று சரியாக இருந்தால் 1, பெட்ரோல் அதிகமானால் 1-க்குக் கீழே, காற்று அதிகமானால் (லீன்) 1-க்கு மேலே. கம்பெனியில் பொருத்திவரும் சாதாரண நேரோபேண்ட் ஆக்சிஜன் சென்சார் லேம்டா 1-க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். வோல்ட்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே தாவும், எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முழு த்ராட்டிலில் 0.80 லேம்டா வேண்டும் என்று நினைப்பவனுக்கு அது உதவாது. அதனால் வைட்பேண்ட் கட்டாயம். சந்தையில் இருக்கும் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை உள்ளே பாஷ் எல்.எஸ்.யு. 4.9 சென்சாரைத்தான் வைத்திருக்கின்றன, அதனால் சென்சாரில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் கன்ட்ரோலரிலும், அது அந்த எண்ணை ஈ.சி.யு.வுக்கு எப்படிக் கொண்டுபோகிறது என்பதிலும்தான்.

நான் வாங்கியதில் டாஷ்போர்டுக்கு ஒரு கேஜும், ஈ.சி.யு.வுக்கு 0 முதல் 5 வோல்ட் வரை போகும் ஒரு வயரும் இருந்தன. 0 வோல்ட் என்றால் லேம்டா 0.5, 5 வோல்ட் என்றால் 1.5. இந்தக் கணக்கில் 0.1 வோல்ட் பிசகினாலே 0.02 லேம்டா பிசகும். நான் ஹீட்டரின் கிரவுண்டையும் சிக்னலின் கிரவுண்டையும் ஒரே போல்ட்டில் கட்டியிருந்தேன். சென்சாரைச் சூடாக்க ஓடும் கரண்ட் அந்த கிரவுண்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டது, கேஜில் 0.80 என்று நிற்கும்போது லாக்கில் 0.84 என்று வந்தது. நான் கேஜைப் பார்க்கவே இல்லை. லாக்கை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றினேன், உண்மையில் இன்ஜின் 0.76-ல் கறுப்புப் புகை விட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் "கேஜ்ல வேற நம்பர் காட்டுதே" என்று சொன்னபிறகுதான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதனால் இப்போது யார் கேட்டாலும் கேன் பஸ் (காருக்குள் ஓடும் டிஜிட்டல் லைன்) வழியாக எண்ணை எண்ணாகவே அனுப்பும் கன்ட்ரோலரை வாங்கச் சொல்கிறேன். அதில் கிரவுண்ட் ஏறி எண்ணை மாற்றும் பேச்சே இல்லை.

இன்னொன்று, கேஜை லேம்டாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 14.7 என்று காட்டும் காற்று-எரிபொருள் விகிதம் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான கணக்கு. பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சுமார் 14.1, இ85 என்றால் 9.8-க்குப் பக்கம். சென்சார் அளப்பது லேம்டாவைத்தான், கேஜ் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். லேம்டா என்று வைத்துவிட்டால் எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் 1 என்பது 1. அப்புறம், எக்ஸாஸ்டில் சென்சாருக்கு முன்னால் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் மிக்ஸரை லீனாகக் காட்டும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தாலும் அப்படித்தான், எரியாத ஆக்சிஜன் நேராக சென்சாருக்கு வந்துவிடும். லீனாக இருக்கிறதே என்று பெட்ரோலைக் கூட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடவேண்டும்.

காது

ஓ.பி.டி. போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) ஒரு சின்ன அடாப்டரைச் செருகி ஃபோனில் லாக் எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். கூலன்ட் சூடு, ஃபியூயல் ட்ரிம் (ஈ.சி.யு. தானே செய்துகொள்ளும் பெட்ரோல் திருத்தம்) போல மெதுவாக மாறுகிறவற்றைப் பார்க்க அது போதும், நல்ல விஷயம்தான். ஆனால் 7000 ஆர்.பி.எம்.மில் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு நொடிக்கு 233 முறை பற்றுகிறது. நொடிக்குப் பத்து முறை மட்டும் எட்டிப் பார்க்கும் லாக்கில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே இருபதுக்கு மேற்பட்ட பற்றுதல்கள் நடந்து முடிந்துவிடும். அதில் ஒன்று மோசமாக இடித்திருந்தாலும் அந்தக் கோடு அப்படியே வழவழவென்று போகும்.

அதனால் நாக்கிங்கைக் கேட்க எனக்குத் தெரிந்த சிறந்த கருவி இன்னும் காதுதான். 86 மில்லிமீட்டர் போர் உள்ள இன்ஜினில் நாக்கிங்கின் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். போர் பெரிதாகப் பெரிதாக அது குறையும். பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய நாக் சென்சாரிலிருந்து அந்த அலைவரிசையை மட்டும் பிரித்து ஹெட்ஃபோனில் தரும் கருவிகள் இருக்கின்றன. அது இல்லாதவர்கள் ஒரு செம்புக் குழாயின் நுனியை அடித்துத் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, பிளாக்கில் போல்ட்டால் கட்டி, மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டிக் காதுக்குக் கொண்டுபோவார்கள். நான் முதலில் செய்தது அதைத்தான். முதல் பத்து நிமிடம் வெறும் இரைச்சல். இன்ஜெக்டரின் டிக் டிக், வால்வு ட்ரெயினின் சலசலப்பு, எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். கொஞ்ச நேரத்தில் காது பழகியதும் அவை பின்னால் போய்விடும், அப்போது அந்த இரைச்சலின் நடுவே தகரத்தில் ஒரு சின்னக் கூழாங்கல்லைச் சுண்டியது போல ஒரு 'டிங்'. ஒருமுறை கேட்டுவிட்டால் வாழ்நாளில் மறக்காது.

அந்தக் காதை வைத்துத்தான் நான் டேபிளைக் குறைத்தேன். காது பொய் சொல்லவில்லை, இன்ஜின் இடித்தது உண்மை. ஏன் இடிக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

புல்லியில் ஒரு வெள்ளைக் கோடு

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். கார்புரேட்டர் காலத்திலிருந்து இன்ஜின் பார்க்கிறவர், லேப்டாப்பை எப்போதுமே எங்களிடம் விட்டுவிடுவார். வேறு ஏதோ வேலையாக வந்தவரிடம் என் குறையைச் சொன்னேன். லாக்கைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, டைமிங் வச்சுப் பாத்தியா?" என்றார்.

"ஐடில்ல பத்து டிகிரி அண்ணே, இதோ ஸ்கிரீன்ல இருக்கு."

"ஸ்கிரீன்ல சரி. புல்லியில?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் வண்டியிலிருந்து பழைய டைமிங் லைட் ஒன்றை எடுத்துவந்தார், ஸ்பார்க் அடிக்கும் கணத்தில் மட்டும் மின்னும் விளக்கு. என் இன்ஜினில் காயில் நேராக பிளக்கின் மேலேயே உட்காரும், க்ளாம்ப் மாட்ட பிளக் வயரே கிடையாது. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி, காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு பழைய பிளக் வயரைச் செருகி, அதில் க்ளாம்பைக் கவ்வவிட்டார். கிராங்க் புல்லியின் குறியில் வெள்ளை பெயின்ட் தொட்டு ஒரு கோடு. என்னிடம், "ஈ.சி.யு.ல டைமிங்கைப் பத்துல பூட்டு" என்றார். தனி ஈ.சி.யு.க்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி இருக்கும், டேபிள் என்ன சொன்னாலும் ஒரே டிகிரியில் ஸ்பார்க் கொடுக்கவைப்பது. அதுவரை நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

இன்ஜினை ஓடவிட்டு லைட்டை அடித்தார். சுற்றிக்கொண்டிருக்கும் புல்லி அந்த வெளிச்சத்தில் நின்றது போல் தெரிந்தது, வெள்ளைக் கோடு தெளிவாக ஓர் இடத்தில் நின்றது. பத்தில் நிற்கவில்லை. பதினைந்தில் நின்றது. "ரேஸ் பண்ணு" என்றார். மூவாயிரத்துக்கு ஏற்றினேன். டைமிங்கைப் பூட்டியிருக்கிறோம், கோடு அசையவே கூடாது. அது மெல்ல ஊர்ந்து போனது. நான் லேப்டாப்பைப் பார்த்தேன், ஸ்கிரீனில் அப்போதும் 10 என்றுதான் இருந்தது.

குறியே தப்பாக இருக்கலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை, அது நியாயமான சந்தேகம்தான் என்றார். புல்லியின் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது, வயதானால் அந்த ரப்பர் விட்டு வளையம் நகர்ந்துவிடும், குறியும் கூடவே நகரும். அதனால் இன்ஜினை அணைத்து முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகினார். கையால் கிராங்க்கைச் சுற்றி பிஸ்டன் முட்டும் இடத்தில் ஒரு குறி, எதிர்ப்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பதுதான் உண்மையான டாப் டெட் சென்டர், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். அது புல்லியின் பழைய குறியோடு அச்சாகப் பொருந்தியது. குறியில் தப்பில்லை.

தப்பு கிராங்க் சென்சாரின் இரண்டு வயர்களில் இருந்தது. அது காந்தச் சுருள் உள்ள சென்சார், கிராங்க்கோடு சுற்றும் சக்கரத்தின் பல் கடக்கும்போது அலை மேலேறி இறங்கும், பல்லின் நடுப்பகுதி கடக்கும் கணத்தில் அலை பூஜ்யத்தை வெட்டும். வயர்களை மாற்றிக் கொடுத்தால் ஈ.சி.யு. பல்லின் நடுவை விட்டுவிட்டு இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். என் சக்கரம் 36-ல் ஒரு பல் இல்லாதது. ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 10 டிகிரி, அதில் பாதி 5. பத்து பதினைந்தானது அப்படித்தான். இடைவெளியின் நடுவே அலை பல்லில் போல் செங்குத்தாக வெட்டாது, அதனால்தான் வேகம் ஏறும்போது ஊர்ந்தது. வயரிங் செய்தது நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

இரண்டு வயர்களையும் மாற்றிப்போட்டு, ட்ரிகர் ஆஃப்செட்டை (சென்சார் சிக்னலுக்கும் டாப் டெட் சென்டருக்கும் நடுவே உள்ள டிகிரி) லைட்டைப் பார்த்தே சரிசெய்து, மறுபடி பூட்டிப் பார்த்தோம். கோடு பத்தில் நின்றது. ஐடிலிலும் பத்து, நாலாயிரத்திலும் பத்து. அடித்து வைத்த ஆணி மாதிரி அசையவில்லை. நான் ஒரு வருடமாக எழுதிவைத்த அத்தனை எண்களும் ஐந்து டிகிரிக்கு மேல் பொய் என்று அப்போதுதான் உறைத்தது. முழு பூஸ்ட்டில் 8 டிகிரி என்று நான் நினைத்தபோது இன்ஜின் 13-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்ரோலையும் இன்டர்கூலரையும் வெயிலையும் குறை சொன்னதெல்லாம் அநியாயம்.

மாற்றும் கருவிகள்

அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் என் பார்வை மாறிவிட்டது. இப்போது எண்களை மாற்றும் கருவியைப் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமானது. டர்போவும் இன்ஜெக்டரும் கம்பெனி அளவுக்குப் பக்கத்திலேயே இருந்தால், உங்கள் காரின் ஈ.சி.யு.வை ரீஃப்ளாஷ் செய்யும் (உள்ளிருக்கும் மேப்பை மாற்றி எழுதும்) வழி இருந்தால், அதை விட்டு எங்கும் போகாதீர்கள். குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஏ.சி. போட்டால் ஐடில் விழாமல் நிற்பது, நாக் வந்தால் தானே பின்வாங்குவது, இதையெல்லாம் அந்த கம்பெனி இன்ஜினியர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள். தனி ஈ.சி.யு. வாங்கினால் அதை எல்லாம் நீங்கள்தான் முதலிலிருந்து செய்யவேண்டும், நான் செய்திருக்கிறேன், குளிர் ஸ்டார்ட் ஒன்றுக்கே பல வாரம் போனது. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் முயன்று பார்க்கமுடியும், இன்ஜின் முழுசாக ஆறவேண்டுமே. ரீஃப்ளாஷ் செய்யும்போது பேட்டரிக்கு நிலையான சப்ளை கொடுங்கள், சார்ஜர் போதாது, வோல்ட்டேஜை அசையாமல் பிடிக்கும் பவர் சப்ளை வேண்டும். பாதியில் வோல்ட்டேஜ் விழுந்தால் ஈ.சி.யு. செத்துப்போகலாம்.

சென்சாருக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவே மாட்டும் பிக்கிபேக் பெட்டிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவற்றில் பல, பூஸ்ட் சென்சாரின் சிக்னலைக் குறைத்து ஈ.சி.யு.வுக்குக் காட்டுகின்றன. ஈ.சி.யு. லோடு குறைவு என்று நினைத்து பூஸ்ட்டை ஏற்றும், அதே நினைப்பில் டைமிங் டேபிளிலும் குறைந்த லோடு உள்ள கட்டத்தைப் படிக்கும், அங்கே அட்வான்ஸ் அதிகமாக இருக்கும். காற்று அதிகம், அட்வான்ஸும் அதிகம், இரண்டும் ஒரே நேரத்தில். ஐந்து டிகிரி பொய்யோடு ஒரு வருடம் ஓட்டியவனுக்கு இது பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை.

சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம்: லாக்கை சாதாரண டேபிள் ஃபைலாக வெளியே எடுக்கமுடிகிறதா, நான் செய்த மேப் எனக்கே திறக்குமா. வேறொருவர் செய்து பூட்டிக்கொடுக்கும் மேப்பில் ஒரு எண்ணைப் படிக்கக்கூட முடியாது, இன்ஜினில் ஏதாவது மாறினால் மறுபடி அவரிடம்தான் போய் நிற்கவேண்டும்.

டைனோ (காரை உருளைமேல் ஓட்டி சக்தியை அளக்கும் மெஷின்) சொந்தமாக வாங்கும் பொருள் இல்லை, மணிக்கணக்குக்கு எடுத்தால் போதும். ஆனால் எந்த டைனோ என்று கேட்டுவிட்டுப் போங்கள். வெறும் கனமான உருளையை வேகமெடுக்கவைத்து அளக்கும் இனர்ஷியா டைனோவில் இன்ஜினை ஓர் ஆர்.பி.எம்.மில் பிடித்து நிறுத்தமுடியாது. எடி கரன்ட் பிரேக் உள்ளதில் 3500-ல் நிறுத்தி வைத்து, டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, டார்க் எங்கே ஏறுவதை நிறுத்துகிறது என்று பார்க்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் இன்ஜினுக்குச் சுமைதான், சக்தி வராது. சாலையில் இதைச் செய்யவே முடியாது, செய்யவும் கூடாது. ஒரு டைனோவில் வந்த ஹார்ஸ்பவரை இன்னொன்றில் வந்ததோடு ஒப்பிடுவதிலும் அர்த்தமில்லை, அதே டைனோவில் முன்பு என்ன, பின்பு என்ன என்பதை மட்டும் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது), இன்டேக்கில் புகை அடித்துக் கசிவு பார்ப்பது, ஒரு ஃபியூயல் பிரஷர் கேஜ். இவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, செய்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

நண்பனுக்கு இதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை. போன வாரம் அவனைக் கூப்பிட்டு, "உன் கார்ல டைமிங் குறி எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடி, ஈ.சி.யு. சொல்ற டிகிரியை லைட் அடிச்சுப் பாரு, அதுக்கப்புறம் சாஃப்ட்வேர் பேசலாம்" என்றேன். என்னிடமிருந்த டைமிங் லைட்டை வாங்கிக்கொண்டு போனான். கம்பெனி ஈ.சி.யு., கம்பெனி சென்சார், அதில் என்ன தப்பு வரப்போகிறது என்று அவனுக்கும் ஒரு எண்ணம், உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தான். வெளிச்சத்தில் உறைந்து நிற்கும் புல்லி, அதில் புதிதாகத் தொட்ட வெள்ளைக் கோடு, ஸ்கிரீன் சொன்ன இடத்திலிருந்து நான்கு டிகிரி தள்ளி. கீழே ஒரே வரி: "பிஸ்டன் ஸ்டாப் இருக்கா?"

புல்லியின் வளையம் நகர்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.